துண்டு வீசியவன்

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன், ஐயா. கண்மாய்ச் சேறு லேசில் போகாது. உங்கள் கச்சேரித் தரையோ இப்போதுதான் கழுவினாற்போல் இருக்கிறது.

சட்டப்படி எச்சரிக்க வேண்டியதையெல்லாம் எச்சரித்துவிட்டீர்கள். போலீஸ்காரர்களையும் வெளியே அனுப்பிவிட்டீர்கள். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. சொல்லப்போனால் யாரும் என்னைத் தேடக்கூட இல்லை. நானாகத்தான் கோச்சடையிலிருந்து நடந்து வந்தேன். என் பெயர் சத்தியசீலன். மிஷன் பள்ளியில் பூகோளமும் இயற்கைப் பாடமும் நடத்துகிறேன். தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஹாலாஸ்யம் நாரைக்கண்மாயில் மூழ்கி இறந்தாரல்லவா, அது விஷயமாக வந்திருக்கிறேன். உங்கள் விசாரணை முடிவில் ஒரு தப்பு விழுந்திருக்கிறது. அதைத் திருத்திவிட்டால் என் வேலை முடிந்தது.

நாரைக்கண்மாயை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கோச்சடையைத் தாண்டி மேற்கே வயல்களுக்குள் நடந்தால் நாரைப்பட்டி வரும். அந்த ஊரின் கண்மாய். எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் முதலில் போனபோது பெயரில் மட்டும்தான் நாரை இருந்தது. பூ அழகாக இருக்கிறதென்று எந்தப் புண்ணியவானோ கொண்டுவந்து போட்ட ஆகாயத்தாமரை கரைக்குக் கரை மூடிக் கிடந்தது. வைகையிலிருந்து தண்ணீர் வரும் கால்வாய் தூர்ந்து மேடாகியிருந்தது. கிழக்குப் பக்கம் முழுக்கக் குழிகள். காளவாசல் செங்கல்சூளைக்காரர்கள் வருஷக்கணக்காகக் களிமண் வெட்டிக்கொண்டு போன குழிகள். மதுரை மச்சு வீடுகளில் பாதி அந்தக் கண்மாயிலிருந்து போனவைதான்.

நான் அதைச் சரிசெய்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவேன். கொக்கி போட்டு ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் காயவைத்துக் கொளுத்தினேன். சம்பளம் வாங்குகிற வாத்தியாருக்குச் சேற்றில் என்ன சோலி என்று ஊர் சிரித்தது. பிறகு சிரித்தவர்களே மண்வெட்டியோடு வந்தார்கள். கால்வாயைத் தூர்வாரினோம். கண்மாய்க்கு மேலே இருக்கும் புல்தரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் ஆடு மேய்ந்தால் மறுபாதியில் புல் முற்றி விதை விழும்வரை ஆட்டை விடக்கூடாது என்று கிடை போடும் கீதாரிகளிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒப்புக்கொள்ள வைத்தேன். புல் நின்றால் மழைத்தண்ணீர் மண்ணை அள்ளிக்கொண்டு வராமல் தெளிந்து இறங்கும். கண்மாய்க்குள் திட்டுகள் போட்டுக் கருவேலங்கன்று நட்டேன். கன்றுகள் மரமாகிக் கூடு தாங்க வேண்டுமே, அதற்குக் காத்திருந்ததுதான் பெரிய வேலை.

முதலில் முக்குளிப்பான் வந்தது. அப்புறம் நீர்க்கோழி. ஒரு கார்த்திகையில் நத்தைகுத்தி நாரைகள் வந்து கருவேலமரத்தில் சுள்ளி அடுக்கின. கரையில் உட்கார்ந்து அழுதேன், ஐயா. பக்கத்தில் ஹாலாஸ்யமும் உட்கார்ந்து அழுதார். அவர் வாய்விட்டு அழுதார்.

ஹாலாஸ்யம் எப்படி வந்து சேர்ந்தார் என்று கேட்பீர்கள். இரண்டாவது வருஷம் ஏதோ நில அளவைக்கு வந்தவர், என்னைச் சேற்றில் பார்த்து, "என்ன ஓய், எருமையைத் தேடறீரா?" என்று கேட்டார். அன்றிலிருந்து போகவில்லை. பார்வை மிகவும் மட்டம். சோடாபுட்டிக் கண்ணாடி. நாரைக்கும் கொக்குக்கும் வித்தியாசம் தெரியாது, குரலை வைத்துத்தான் சொல்வார். ஆனால் ஆபீஸ் வழி தெரிந்தவர். மேஜைக்கு மேஜை ஆளைப் பிடித்து, சூளைக்காரர்கள் இனி அங்கே மண் எடுக்கக்கூடாதென்று உத்தரவு வாங்கி வந்தார். அது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் காகிதத்தில் வாங்கினார் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். அவர் கையில் கொப்புளம் வந்து நான் பார்த்ததில்லை.

அவர் மனைவி வாலாம்பாள் ஒவ்வொரு வாரமும் பித்தளைத் தூக்கில் இரண்டு பேருக்குப் புளியோதரை கட்டிக் கொடுத்தனுப்புவாள். என்னுடன் பிறந்தவர்கள்கூட எனக்கு அப்படிக் கட்டிக் கொடுத்ததில்லை.

இப்போது துண்டு விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் என்று கேள்விப்பட்டேன், அதனால் சொல்லவேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் கோடையில் கண்மாய் வற்றும்போது ஊர்கூடி மீன் பிடிப்பார்கள். விடியற்காலையே சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் ஊத்தாக் கூடையும் வலையுமாகக் கரையில் வந்து நிற்கும். ஆனால் ஒருவரும் இறங்கமாட்டார்கள். அய்யனாரைக் கும்பிட்டுவிட்டு, ஊர் மரியாதை பெற்ற ஒருவர் கரையில் ஏறி வெள்ளைத் துண்டைத் தலைக்குமேல் வீசவேண்டும். வீசிய பிறகுதான் கால் தண்ணீரில் படும். துண்டு அசைந்துவிட்டால் இறங்கலாம், பயமில்லை என்று அர்த்தம். அந்த ஒரு கணம் அத்தனை ஜனமும் அந்த ஒரு ஆளையே பார்த்துக்கொண்டிருக்கும்.

அதைப் பார்த்துத்தான் நாங்களும் வேலைக்கு ஒரு முறை வைத்துக்கொண்டோம். சூளைக்குழிகளில் வண்டல் இறங்கி, மேலே ஆடை கட்டினாற்போல் காய்ந்து வெடித்திருக்கும். உள்ளே ஆள் உயரத்துக்கு மேல் சேறு. தரையில் நடப்பவனுக்கு எல்லாம் ஒரே மண்தான். கரைமேல் நின்று பார்த்தால் மட்டும் குழி இருக்கும் இடம் கொஞ்சம் கறுத்துத் தெரியும். ஆகவே ஹாலாஸ்யம் உள்ளே நடக்கும்போது நான் கரையில் துண்டோடு நிற்பேன். துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தால், நில். தலைக்குமேல் வீசினால், நேராக வா. அவ்வளவு தூரத்தில் என் முகம் அவருக்குத் தெரியாது. வெள்ளை அசைவது மட்டும் தெரியும். ஒருமுறை பேச்சு சுவாரசியத்தில் துண்டைப் பார்க்காமல் நடந்து தொடைவரை இறங்கிவிட்டார். அதே துண்டை வீசிப் பிடிக்கச் சொல்லி இழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு துண்டு அசையாமல் ஓரடி எடுத்துவைக்க மாட்டார்.

இந்த வருஷம்தான் கண்மாயில் மறுபடி மீன் பிடிக்கலாம் என்று ஊர் முடிவு செய்தது. எட்டு வருஷத்துக்குப் பிறகு. நாரைக்குஞ்சுகள் பறந்து போனபிறகு, வைகாசியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொன்னேன், அப்படியே ஒப்புக்கொண்டார்கள். ஊர்க்கூட்டத்துக்கு எங்கள் இருவரையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் சலவை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். வழக்கமாக ஊர்த்தலைவர், அம்பலகாரர்தான் துண்டு வீசுவார். இந்தமுறை வேறு யாருக்கோ அந்த மரியாதையைக் கொடுக்கப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சு இருந்தது. அம்பலகாரர் விருமாண்டி எழுந்தார்.

"இந்தக் கம்மாய் இம்புட்டுத் தெளிஞ்சு நிக்குதுன்னா அதுக்குக் காரணம் சர்க்காரு உத்தரவு. உத்தரவு வாங்கித் தந்தது நம்ம ஹாலாஸ்யம் சாமி. இந்த வருசம் சாமிதேன் துண்டு வீசணும். என்னப்பா சொல்றீக?"

எல்லோரும் சரி என்றார்கள். மீனையே தொடாத மனிதர் மீன்பிடிக்குத் துண்டு வீசுவதா என்று யாராவது ஒருவர் சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஹாலாஸ்யம் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் பெயரைச் சொல்லியிருக்கலாம். முகமெல்லாம் சிவந்து எழுந்து கும்பிட்டார்.

திரும்பி வரும் வழியில் அவரே பேச்செடுத்தார்.

"தப்பா எடுத்துக்காதேயும் ஓய். அய்யனார் கோவில்ல கும்பிட்டுட்டு வீசணும். நீர் வேதக்காரர், உமக்குச் சங்கடமா இருக்கும்னுதான் அவா கேக்கலை போலிருக்கு. இல்லேன்னா உமக்குத்தானே வந்திருக்கும்."

"எனக்கு அதுல ஒண்ணும் இல்லை ஹாலாஸ்யம். நீங்க வீசினா என்ன, நான் வீசினா என்ன" என்றேன்.

அப்படியே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். எழுதுகிறவரிடம் இதைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்: நான் செய்ததற்குக் காரணம் துண்டு அல்ல. ஒரு முழத் துணிக்காக யாராவது அப்படிச் செய்வார்களா. காரணம் மண்.

அடுத்த வாரம் காளவாசல் வண்டிக்காரன் பால்பாண்டி என்னிடம் சொன்னான். "என்ன வாத்தியாரய்யா, கம்மாயில மறுபடி வண்டி இறங்கப் போகுதாமே. கிழக்கு மூலையில மண்ணெடுக்க ஹாலாஸ்யம் சாமி சரின்னுட்டாகளாம். மொதலாளி சொன்னாரு." நான் அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். அன்று சாப்பாடு இறங்கவில்லை. யார் அடைத்த வாசலோ அவரே திறக்கிறார். ஆறேழு வருஷம் ஒரே தூக்கில் சாப்பிட்ட மனிதர் என் முதுகுக்குப் பின்னால் போய்ச் சூளைக்காரனோடு உட்கார்ந்து பேசியிருக்கிறார். துரோகம் என்பது பெரிய சொல், ஐயா. வகுப்பில் யூதாஸைப் பற்றிச் சொல்லும்போதுகூட நான் அதை நிதானமாகத்தான் சொல்வேன். அந்த வாரம் முழுக்க அந்தச் சொல் ஒன்றுதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எனக்குச் செய்தது அதுதான். வேறு பெயர் இல்லை.

மீன்பிடிக்கு நாலைந்து நாள் இருக்கும்போது குழிகளுக்குப் பக்கத்தில் முள்கொப்பு நட்டு அடையாளம் வைக்கப் போனோம். இறங்குகிற ஜனத்துக்குக் குழி தெரியவேண்டுமல்லவா. காலைவேளை. தூரத்தில் புல்தரையில் மாயக்காள் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரும் இல்லை. கரையில் நின்று மண் விஷயத்தைக் கேட்டேன். அவர் திருதிருவென்று விழிக்கவில்லை, சிரித்தார்.

"அதுக்குள்ள உம்ம காதுக்கு வந்துடுத்தா? குழியையெல்லாம் செங்கல் உடைசலைக் கொட்டி அவனே மூடித் தரேங்கறான் ஓய். அதுக்குக் கூலியா மேல் வண்டலை மட்டும் ஒரு தடவை அள்ளிப்பான். அப்புறம் இந்தப் பக்கமே வரமாட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டான். குழந்தைகள் இறங்கற இடம், எத்தனை நாள் கொப்பு நட்டுண்டு நிப்போம்? மீன்பிடித் திருவிழா அன்னிக்குச் சொல்லி உம்மை அசத்தலாம்னு வச்சிருந்தேன், கெடுத்துட்டான் பாவி."

நியாயமான பதில்தான். நான் குறை சொல்லமாட்டேன். குழிகள் மூடப்படும், கண்மாய்க்கு நல்லது. ஆனாலும் என்னிடம் முன்பே சொல்லவில்லை என்பது அப்படியேதான் இருக்கிறது, இல்லையா.

அப்புறம் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்தார். புதுமண்டபத்தில் வாங்கியதாம். புத்தம்புதிது, ஓரத்தில் சரிகை. ஆபீஸில் எல்லோரிடமும் காட்டிவிட்டாராம்.

"எப்படி ஓய் வீசணும்? இத்தனை வருஷமா நீர் வீசி நான் பார்த்திருக்கேனே தவிர, நான் வீசினதில்லை. ஜனங்க மத்தியில அசடு வழியப்போறேன். நான் உள்ள போய் நின்னுக்கறேன், நீர் இதை வீசிக் காட்டும். தூரத்திலேர்ந்து பார்த்தாத்தான் எனக்குப் பிடிபடும்."

துண்டை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கழற்றிவைத்துவிட்டு, கொப்புக்கட்டைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். நான் சரியாகவே வழி காட்டினேன். இரண்டு குழிகளுக்குக் கொப்பு நட்டார். மூன்றாவது, கிழக்கு மூலைக்குழி, எல்லாவற்றிலும் ஆழமானது, அவருக்கு நேர் முன்னால் கறுத்துத் தெரிந்தது. அவர் நின்று என் பக்கம் திரும்பினார். நெற்றிக்குமேல் கையை வைத்துக்கொண்டு துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வீசினேன்.

நன்றாக வீசினேன், ஐயா. கையை முழுக்க நீட்டி, தலைக்குமேல், நிதானமாக. புதுத்துணி காற்றில் படபடத்தது. சரிகை வெயிலில் மின்னியது. அவர் கையைத் தட்டி, "பேஷ், பேஷ்" என்று சொல்லிக்கொண்டே நேராக நடந்தார்.

இடுப்புவரை உடனே இறங்கிவிட்டார். அவருக்குச் சந்தேகமே வரவில்லை. எனக்குக் கண் தப்பிவிட்டது என்றுதான் நினைத்தார். நான் கரையிலிருந்து ஓரடி எடுத்துவைத்தேன், அது உண்மை. அதைப் பார்த்துவிட்டு அவர் கத்தினார். "வராதேயும் ஓய், நீரும் மாட்டிப்பீர். ஊருக்கு ஓடிப்போய் ஆளைக் கூட்டிண்டு வாரும்."

அவர் சொன்னதில் முதல் பாதியைக் கேட்டேன்.

குழி மேலே மறுபடி சமமாகும்வரை நின்றுகொண்டிருந்தேன். ஒரு கொக்கு வந்து பக்கத்தில் இறங்கி நடந்தது. துண்டை மடித்து அவர் செருப்பின்மேல் வைத்தேன். தூக்கைத் திறந்து என் பங்குப் புளியோதரையைச் சாப்பிட்டேன். அன்றைக்கு நிலக்கடலை கூடுதலாகப் போட்டிருந்தாள். பிறகு வடக்கு மடைப்பக்கம் சுற்றிக்கொண்டு ஊருக்குள் போய், மடையில் வேலையாக இருந்தேன், திரும்பி வந்து பார்த்தால் ஹாலாஸ்யத்தைக் காணவில்லை என்று சொன்னேன். தூக்கைக் கழுவி வாலாம்பாளிடம் நானே திருப்பிக் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா உங்ககூடத்தானே அண்ணா இருந்தார், அது போறும்" என்றாள். அவளுக்கு ஆறுதலாக இருந்தது என்றால் எனக்கு என்ன ஆட்சேபம்.

போலீஸ் விசாரணையில் மாயக்காள் சொன்னாள்: "கரைமேல நின்னு சாமி துண்டு வீசுச்சு. சரிகை மின்னுச்சு, நான் கண்ணால பாத்தேன்." அவள் பொய் சொல்லவில்லை. இந்த வருஷம் கரைமேல் துண்டு வீசினால் அது ஹாலாஸ்யமாகத்தான் இருக்கமுடியும் என்பது அவளுக்கு அவ்வளவு நிச்சயம். துண்டும் மடித்தபடி அவர் செருப்பின்மேல் இருந்தது. ஆகவே திருவிழாவுக்கு வீசிப் பழகிவிட்டு, கொப்பு நடத் தனியாக இறங்கி, பார்வைக்குறைவால் குழியில் விழுந்துவிட்டார் என்று உங்கள் ஆட்கள் எழுதிக்கொண்டார்கள். என்னிடம் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு அனுப்பிவிட்டார்கள். பேசாமல் இருந்திருந்தால் நான் இந்நேரம் நாலாம் வகுப்பில் நதிகள் பாடம் நடத்திக்கொண்டிருப்பேன்.

பின்னே ஏன் வந்தாய் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ளலாம், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். நேற்று நாரைப்பட்டிக்குப் போயிருந்தேன். மீன்பிடியைத் தள்ளிவைத்திருக்கிறார்கள். கரையில் நான் நின்ற இடத்தில், அதே இடத்தில், ஒரு கல்லை நட்டுச் சந்தனம் பூசி விளக்கு வைத்திருக்கிறார்கள். அந்தத் துண்டைக் கல்லுக்குச் சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். விருமாண்டி என்னிடம், "கம்மாய்க்கு மொதத் துண்டு வீசிட்டுப் போன சாமி. இனி எந்த வருசமும் இந்தக் கல்லுக்கிட்டக் கேட்டுட்டுத்தேன் துண்டு வீசுவோம் வாத்தியாரய்யா. நீங்களும் ஒரு பூவைப் போடுங்க" என்றார்.

நான் போட்டேன். இரவெல்லாம் யோசித்தேன். இறந்தவர் நல்ல மனிதர், எனக்கு ஒரே சிநேகிதர், அவரைப் பற்றி ஒரு பொய் நிலைத்துவிடக்கூடாது. எழுத்தில் இருப்பது சரியாக இருக்கவேண்டும். அது ஒன்றுதான் என் கவலை, வேறொன்றுமில்லை. தண்டனை எதுவானாலும் கொடுங்கள், மறுத்துப் பேசமாட்டேன். இந்த வாக்குமூலத்தை மட்டும் நாரைப்பட்டியில் ஊர்கூட்டிச் சத்தமாக வாசிக்க ஏற்பாடு செய்யவேண்டும். மாயக்காளும் இருக்கவேண்டும்.

ஆகவே திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். அன்று காலை நாரைக்கண்மாய்க் கரையில் நின்று துண்டு வீசியவன் சத்தியசீலன். ஹாலாஸ்யத்துக்கு வீசவே தெரியாது, ஐயா.